ஜிமெயில்: தேடுவதில் கெட்டி, இடம் தருவதில் கறார்

2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடம் இலவசம் என்று ஜிமெயில் அறிவித்தபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றுதான் பலர் நினைத்தார்கள். இப்போது 15 ஜிபி. தாராளம் போலத் தெரியும். ஆனால் கூகுள் டிரைவ், 2021 ஜூன் 1-க்குப் பிறகு கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்கள், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸப் பேக்கப் எல்லாமே அதே 15-க்குள்தான். குடும்ப குரூப்பின் காலை வணக்க வீடியோக்கள் இடத்தை அடைத்துக்கொண்டால், பேங்க் அனுப்பும் ஸ்டேட்மென்ட் வந்து சேராது.

இடம் நிரம்பிவிட்டதா? வாட்ஸப் பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பிறகு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரச் சின்னத்தை அழுத்தி, 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்களை மட்டும் தேடி அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவை 30 நாள் அங்கேயே கிடந்து இடத்தைப் பிடித்திருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

அட்டாச்மென்ட் வரம்பு 25 எம்பி. அதை அப்படியே நம்ப வேண்டாம். மெயிலில் போகும்போது கோப்பு எழுத்துவடிவாக மாற்றப்பட்டு அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்பி ஸ்கேன் 20 ஆகிவிடும். வாங்கும் அலுவலகத்தின் சர்வர் அதற்கும் குறைவாக வரம்பு வைத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடும். 25-ஐத் தாண்டினால் ஜிமெயிலே டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். அப்போது பார்க்கும் அனுமதி பற்றி அது கேட்பதைப் படிக்காமல் தள்ளிவிட்டால், எதிர்முனையில் 'அனுமதி தேவை' என்றுதான் வரும். விண்ணப்பக் கடைசி நாளில் இது நடந்தால் அவ்வளவுதான்.

அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியின் பெயர் கொஞ்சம் ஏமாற்று. போன மெயிலை அது இழுத்து வராது. சில விநாடி பிடித்து வைத்திருந்து அனுப்புகிறது, அவ்வளவே. முதலில் 5 விநாடிதான் இருக்கும். செட்டிங்ஸில் 30 ஆக்கிக்கொள்வது நல்லது.

முகவரியில் புள்ளியை ஜிமெயில் கணக்கில் எடுப்பதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிதான். புள்ளி மட்டும் வேறுபட்ட முகவரிக்கு யாருக்கோ எழுதிய மெயில் உங்களுக்கு வருகிறதென்றால் கணக்கை யாரும் திருடவில்லை, அந்த யாரோ தன் முகவரியைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார், அல்லது அனுப்பியவர் தப்பாக அடித்திருக்கிறார்.

வேண்டாத மெயிலை ஒதுக்கும் ஸ்பேம் வடிகட்டல் பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்டர்வியூ அழைப்புக்குக் காத்திருப்பவர் மட்டும் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிட வேண்டும். அதில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழிந்துவிடும்.