ஏணிப் பரணை மறைக்கும் இலை வலை: அழகர்மலை அடிவாரத் தோப்பில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

ஏணிப் பரண் என்பது அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்றே கடைகளில் விற்கப்படும் சாதனம். பதினைந்து முதல் இருபது அடி உயரமுள்ள இரும்பு ஏணியும், அதன் உச்சியில் ஒரு இருக்கையும், இருக்கையைச் சுற்றி ஒரு கம்பியும், மொத்தத்தையும் மரத்தோடு இறுக்கிக் கட்ட ராட்செட் பெல்ட்டும் அதில் இருக்கும். நம் ஊரில் மான் வேட்டைக்கு இடமே இல்லை. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் தினைப்புனக் காலத்திலிருந்து பரண் நமக்குப் புதிதல்ல என்பதால், தோப்புக்கு வரும் மானையும் பன்றியையும் பார்க்கவும் படமெடுக்கவும் விரும்புகிறவர்கள் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாய் கொடுத்து இதே அமைப்பைச் செய்துகொள்ளலாம். நான் வைத்திருப்பது நத்தம் சாலைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் உள்ள பட்டா நிலத்து மாந்தோப்பில். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால், இங்கே எழுதுவதெல்லாம் சொந்த நிலத்தில், கேமராவோடு உட்காருகிறவர்களுக்கு மட்டும்.

பரணை மறைப்பதற்காக மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு தார்ப்பாய்க் கடையில் வாங்கிய இலை வலையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. ஐந்தடி அகலம், பத்தடி நீளம், விலை 1,350 ரூபாய். அடியில் நைலான் வலையும், அதன் மேல் இலை வடிவில் கீறப்பட்ட பாலியெஸ்டர் துணியும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு முகம் கரும்பச்சை, மறு முகம் காய்ந்த புல்லின் பழுப்பு. கல்யாண மண்டப அலங்காரத்துக்கும் பள்ளி ஆண்டு விழா மேடைக்கும் இதே சரக்குதான் போகிறது என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் வாங்கும்போதே இரண்டு கையாலும் இழுத்துத் தையலைச் சோதித்துக்கொள்வது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருக்கையைச் சுற்றிக் கட்ட இந்த வலை மிகவும் நன்று. ஏணியை மறைக்க இது உதவாது. பரணில் அமர்ந்திருப்பவரின் கை, முழங்கால், கேமராவைத் தூக்கும் அசைவு ஆகியவைதான் மானுக்கு முதலில் தெரிகின்றன. மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியை அது கண்காணித்துக்கொண்டிருக்கிறது. நுணுக்கமான உருவத்தைவிட அசைவையே அது உடனே பிடித்துக்கொள்கிறது. இருக்கைக் கம்பியில் இடுப்புயரத்துக்குத் தொங்கும் வலை அந்தச் சிறு அசைவுகளை விழுங்கிவிடுகிறது. இலைகளின் இடைவெளி வழியே லென்ஸை நீட்டவும் முடிகிறது. வலையின் கண் பெரிது என்பதால் அதற்கென்று தனி ஓட்டை வெட்ட வேண்டியதில்லை.

வலையின் நிறத்தைப் பற்றிக் கடையில் நிறையப் பேசுகிறார்கள். அதற்கு அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. வெள்ளைவால் மான்களை வைத்து 1990-களில் அமெரிக்காவில் செய்த ஆய்வுகள், மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான் என்றும், நீலப் பக்கத்து ஒளி அதற்கு நன்றாகத் தெரியும் என்றும், சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகவே படும் என்றும் காட்டின. நம் புள்ளிமானும் அதே குடும்பத்து விலங்குதான். எனவே பச்சையா பழுப்பா என்பதைவிட, துணி பளபளக்கிறதா, நீலம் அடிக்கிறதா என்பதே கேள்வி. இந்த வலையின் பச்சை முகத்தில் காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு மெல்லிய மினுமினுப்பு இருக்கிறது. பழுப்பு முகத்தில் அது இல்லை. நான் பழுப்பு முகத்தையே வெளியே வைத்திருக்கிறேன். பச்சைத் தோப்பில் பழுப்பு வலை நம் கண்ணுக்குத்தான் துருத்திக்கொண்டு தெரியும். பறவைகளின் நிறப்பார்வை நம்முடையதைவிடக் கூர்மையானது என்பதால், மயிலையோ கழுகையோ படமெடுக்க உட்காருகிறவர்கள் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியாது.

இனி ஏணி. காட்டில் எங்கும் இல்லாத நேர்கோடு இரண்டு, நடுவே சம இடைவெளியில் படிகள்: பரணைக் காட்டிக்கொடுப்பது இதுதான். வலையை ஏணி மீது போர்த்தினால் படியில் கால் வைக்கும்போதெல்லாம் சிக்குகிறது. இருட்டில் இறங்கும்போது அது ஆபத்தும்கூட. இதற்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் பழைய கோணிச் சாக்குமே போதும். கேட் செய்யும் பட்டறைகளில் முதல் பூச்சாக அடிக்கும் அந்தச் செங்காவி நிறம் துருவைத் தடுப்பதோடு, பளபளப்பே இல்லாமல் காய்ந்துவிடுகிறது. சிவப்பு மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு அது கருத்த மரப்பட்டையோடு ஒன்றிப்போகிறது. அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்லும் பட்டறைக்காரரின் ஆலோசனையைப் பணிவாக மறுத்துவிட வேண்டும். சாக்கை நான்கு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஏணியின் இரு கால்களிலும் ஏற்றத்தாழ்வாகச் சுற்றி, பிசிறுகளை அப்படியே தொங்கவிட்டால் அந்த நேர்கோடு உடைந்துவிடுகிறது. படிகளில் சுற்றினால் செருப்புச் சத்தம் அடங்குகிறது, ஆனால் மழை ஈரத்தில் வழுக்கும். அங்கே மட்டும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். சாக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். புண்ணாக்கு, தவிடு வந்த சாக்கின் வாசனைக்கு எலியும் பன்றியும் ஏணியடிக்கே வந்துவிடும் என்பதால், நெல் சாக்கை வாங்கி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துவதே சரி.

எந்த வலையும் சாக்கும் மரத்தேர்வுக்கு ஈடாகாது. தென்னையில் பரணைச் சாத்தினால், பின்னால் வெறும் வானம் இருப்பதால் உட்கார்ந்திருப்பவரின் தலையும் தோளும் வெட்டியெடுத்தாற்போலத் தெரியும். எத்தனை வலை கட்டினாலும் அது மாறாது. வேம்பு மாசியில் இலையுதிர்த்துவிடுகிறது. எங்கள் தோப்பின் வரப்போரத்தில் நிற்கும் புளியமரம், கருத்த பிளவுபட்ட பட்டையும் தாழ்ந்த கிளைகளும் அடர்ந்த நிழலுமாக, பாதி மறைப்பைத் தானே செய்துகொடுத்துவிட்டது. பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ உதிரும் இடத்தையோ, மாம்பழம் விழும் இடத்தையோ பார்த்தபடி, உதய சூரியனுக்கு முதுகு காட்டி இருக்கை அமைந்தால் இன்னும் நல்லது. முகத்தில் வெயில் விழுந்தால் கண்ணாடியும் லென்ஸும் மின்னும்.

வலையின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பாலியெஸ்டர் இலைகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. கீழ்விளிம்பு உயர்ந்து உயர்ந்து விழுகிறது. மறைப்பதற்காகக் கட்டியதே அசைந்து காட்டிக்கொடுத்தால் எதற்கு இந்த வலை? கீழ்விளிம்பில் சணலைக் கோத்து ஒரு சாண் இடைவெளியில் கம்பியோடு கட்டிய பிறகே இது அடங்கியது. கடையில் விளிம்புக்கு வளையம் எதுவும் வைத்துத் தருவதில்லை என்பது வருத்தம். தார்ப்பாய்க்கு வளையம் அடிக்கும் கருவி அதே கடையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, முசுறு. மாமரத்துக் கிளை வலையைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தச் செவ்வெறும்புகள் அதையே பாலமாக்கி இருக்கைக்கு வந்துவிடுகின்றன. துணி இலைகளின் மடிப்புக்குள் அவை இருப்பது கழுத்தில் கடிக்கும்வரை தெரியாது. கடித்தபின் அசையாமல் உட்கார எந்த மனிதராலும் இயலாது. கிளைக்கும் வலைக்கும் நடுவே ஒரு முழமாவது வெளி விட வேண்டும். குரங்குகளையும் சொல்ல வேண்டும்: அழகர்கோயில் வட்டாரத்தில் கட்டியதை அவிழ்த்துப் பார்க்காமல் அவை போவதில்லை. ஆகவே உட்காராத நாட்களில் வலையைச் சுருட்டிக் கொண்டுவந்துவிடுகிறேன். ஏணியையும் சாக்கையும் மட்டும் அங்கேயே விட்டுவைக்கிறேன். ஒரு வகையில் இது நல்லதாகவே முடிகிறது. மான்கள் ஏணியை நாள்தோறும் பார்த்துப் பழகிவிடுகின்றன. வலையோ மதுரை வெயிலில் வெளிறாமல் தப்பிக்கிறது. வெயிலில் விட்டுவைத்த மேல்விளிம்பின் ஒரு முழத் துண்டு, ஒரே கோடையில் சாம்பல் நீலமாக மாறிவிட்டது. மானின் கண்ணுக்கு ஆகாத நிறம் அதுதான்.

உடுப்பையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டும் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை நீல ஒளியாக மாற்றித் துணியைப் பளிச்சென்று காட்டுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் மானுக்கு அது நன்றாகவே தெரியும். பரணுக்கு உடுத்தும் சட்டையைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் துவைத்தால் போதும். வாசனையை மட்டும் எந்த வலையும் மறைக்காது. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கியும், பொழுது சாய்ந்ததும் கீழ்நோக்கியும் நகர்வதால், மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும் மானுக்குக் கீழே, பக்கவாட்டில் பரண் அமைவதுதான் தக்கது.

வலைக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால், கட்டடத் தொழிலாளர் அணியும் முழு உடல் சேஃப்டி பெல்ட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு அடியிலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு போய்விடும். மரத்தில் இறுக்கிய ராட்செட் பெல்ட்டும் வெயிலிலும் மழையிலும் நைந்துபோவதால், ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அதைச் சோதிக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நிலையாகப் பரண் வைத்திருப்பவருக்கு, பனையோலையையும் சாக்கையும் வைத்தே இருக்கையை மறைத்துவிட முடியும். காய்ந்த ஓலையின் சலசலப்பைப் பொறுத்துக்கொண்டால் செலவே இல்லை. தோப்புக்குத் தோப்பு மாறி உட்காருகிறவர்களுக்கே இந்த வலை காசுக்குத் தகும். அவர்களும் பத்தடி முழுத்துண்டை வாங்க வேண்டியதில்லை. இருக்கையின் மூன்று பக்கத்துக்கும் ஏழடி போதும். கேட்டால் வெட்டித் தருகிறார்கள். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க 60 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள்.