பதின்மூன்று வயதுப் பேரப்பிள்ளையோடு பார்க்க எந்தப் படம்? சில படங்கள், ஓர் ஒப்பீடு

எட்டு வயதுப் பேரப்பிள்ளையோடு படம் பார்ப்பது எளிது. நாம் எதைப் போட்டாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிலைமை மாறிவிடுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் நம் முகத்தையும் பார்க்கிறார்கள். தாத்தா இதற்குச் சிரிக்கிறாரா, பாட்டி முகம் சுளிக்கிறாரா என்று கவனிக்கிறார்கள். அதனால் 'வயதுக்கு ஏற்ற படம்' என்பதும், 'தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கும்போது பார்க்க ஏற்ற படம்' என்பதும் இரண்டு வேறு தேர்வுகள். முதல் தேர்வில் தேறிய பல படங்கள் இரண்டாவதில் தேறுவதில்லை. என் பேத்தியோடு பார்த்தவற்றையும், பார்க்க நினைத்துத் தவிர்த்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

சான்றிதழை மட்டும் நம்பினால் எங்கே சிக்கல் வரும் என்பதற்கு இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் 'பிஜி-13' என்ற பிரிவு அமெரிக்காவில் 1984-இல் வந்தது. 1993-இல் வெளியான 'ஜுராசிக் பார்க்', 1997-இல் வெளியான 'டைட்டானிக்' இரண்டுமே அந்தப் பிரிவில்தான் வருகின்றன. இரண்டிலும் மூத்த தலைமுறையும் பேரப்பிள்ளையும் இருக்கிறார்கள். முன்னதில் பூங்காவைக் கட்டிய முதியவர் தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் அங்கே வரவழைக்கிறார். பின்னதில் நூறு வயது மூதாட்டி, பேத்தி அருகில் இருக்கத் தன் இளமைக் கதையைச் சொல்கிறார்.

ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றல்ல. 'ஜுராசிக் பார்க்' பயமுறுத்தும். அறுந்த கை ஒன்று ஒரு பெண்ணின் தோளில் வந்து விழும் காட்சி உண்டு. ரத்தம் கண்டால் நடுங்கும் பிள்ளை என்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம். ஆனால் பயம் என்பது சேர்ந்து அனுபவிக்கக்கூடிய உணர்ச்சி. சமையலறைக் காட்சியில், கதவின் வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் விலங்கு மூச்சு விட, கண்ணாடியில் ஆவி படியும். அந்த இடத்தில் என் பேத்தி தன்னை அறியாமல் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தானாக வந்து கையைப் பிடிப்பது அபூர்வம். அதை வாங்கிக் கொடுத்த படத்தை எப்படிக் குறைத்து மதிப்பிடுவேன்?

'டைட்டானிக்' நல்ல படம்தான். ஆனால் நாயகியை நாயகன் ஆடையின்றி ஓவியமாக வரையும் காட்சியும், காருக்குள் வரும் காட்சியும் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கூனிக் குறுக வைத்துவிடும். இதையே தோழிகளோடு பார்த்தால் சிரித்துக் கடந்துவிடுவாள். ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடலாமே என்பார்கள். அது இன்னும் மோசம். 'நீ சின்னக் குழந்தை' என்று சொல்லாமல் சொல்வதாகிவிடும். அந்த வயதில் அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. போதாக்குறைக்கு மூன்றே கால் மணி நேரம். ஆகவே, இந்த இரண்டில் எனக்குச் சந்தேகமே இல்லை: முன்னதைச் சேர்ந்து பார்க்கலாம், பின்னதைப் பிள்ளை தன் நண்பர்களோடு பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, 'அனிமேஷன் என்றால் குழந்தைகள் படம்' என்ற எண்ணம். 1988 ஏப்ரலில் ஜப்பானின் கிப்லி நிறுவனம் இரண்டு படங்களை ஒரே நாளில், சேர்த்துப் பார்க்கும் இரட்டைக் காட்சியாக வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. மற்றது தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. இரண்டிலும் உடன்பிறந்த இருவர்தான் மையம். முதல் படத்தில் தாய் மருத்துவமனையில் இருக்கிறார், பிள்ளைகள் காட்டில் ஒரு பெரிய, சாதுவான உருவத்தைச் சந்திக்கிறார்கள். வில்லன் என்று ஒருவரும் கிடையாது. இரண்டாவதில் போரும் பசியும் அந்த இரண்டு பிள்ளைகளை மெல்ல மெல்ல அழிக்கின்றன. அட்டைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைப் போட்டுவிடாதீர்கள். நானே பார்த்துவிட்டு நெடுநேரம் பேச முடியாமல் இருந்தேன். போரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கத் தொடங்கி, தானாகக் கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் காட்டலாம் என்பது என் கருத்து. 'டோட்டோரோ' எந்த வயதுக்கும் பொருந்தும், ஆனால் பதின்மூன்றில் 'இது சின்னப் பிள்ளைகளுக்கானது' என்று முதல் கால் மணி நேரம் முறுக்கிக்கொள்வார்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்காகப் போடுங்கள். மூத்தது தானாக வந்து உட்காரும்.

அதே அனிமேஷனில் 2024-இல் வந்த 'இன்சைட் அவுட் 2' இந்த வயதுக்கென்றே செய்தது. அதன் நாயகி ரைலிக்குப் பதின்மூன்று வயது. அவள் மனத்துக்குள் பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று புதிய உணர்ச்சிகள் குடியேறுகின்றன. தாத்தா பாட்டிகள் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிள்ளை ஏன் திடீரென்று கதவைச் சாத்திக்கொள்கிறது என்பது புரியும். ஆனால் முடிந்த கையோடு 'உனக்கும் இப்படித்தான் இருக்கிறதா?' என்று கேட்டுவிடாதீர்கள். பிள்ளை வாயைத் திறக்காது. இந்தப் படத்தில் கடந்த காலத்து ஏக்கம் ஒரு மூதாட்டியாக எட்டிப் பார்ப்பாள். 'இன்னும் நேரம் வரவில்லை' என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாம் இளமையில் கொண்டாடிய படத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்டத் துடிக்கும்போது நடப்பதும் அதுதான். படத்தோடு நம் நினைவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். பிள்ளையிடம் அந்த நினைவுகள் இல்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நமக்கு வலிக்கிறது, அந்த வலியை அவள் கவனித்துப் பொய்யாகத் தலையாட்டுகிறாள். பழைய படமே வேண்டாம் என்பதல்ல. நம் உணர்ச்சி சிக்கிக்கொள்ளாத பழைய படமாக எடுக்க வேண்டும்.

அதற்கு என் முதல் தேர்வு சிட்னி லூமெட் இயக்கி 1957-இல் வந்த 'டுவெல்வ் ஆங்ரி மென்'. கறுப்பு வெள்ளை, 96 நிமிடம், ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறை. தந்தையைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இளைஞனுக்குத் தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் 'குற்றவாளி' என்கிறார்கள், ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. முதல் பத்து நிமிடம் பிள்ளை நெளியும். பொறுத்துக்கொள்ளுங்கள். கொலைக்கத்தி அபூர்வமானது, அப்படி வேறொன்று கிடைக்காது என்று வாதம் நடக்கும்போது, அந்த ஒருவர் தன் பையிலிருந்து அதே போன்ற கத்தியை எடுத்து மேசையில் குத்தி நிறுத்துவார். அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளை என்ற புகார் வராது.

எதற்கெடுத்தாலும் 'இது நியாயமா?' என்று வழக்காடும் வயதல்லவா இது! அந்த வழக்காடலுக்கு மரியாதை கொடுக்கும் படம். முதல் வாக்கெடுப்பு முடிந்ததும் நிறுத்தி, ஆளுக்கொரு துண்டுத் தாளில் நம் தீர்ப்பையும் எழுதி மடித்து வைத்தோம். என் பேத்தி 'குற்றவாளி' என்று எழுதியிருந்தாள். கடைசியில் அதைக் கிழிக்க வந்தவளைத் தடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: தொடக்கத்தில் கேமரா மேலிருந்து பார்க்கும், போகப் போகக் கீழே இறங்கும், முடிவை நெருங்கும்போது மேற்கூரை தெரியத் தொடங்கி அறையே நெருக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த படத்தில் அவர்களே நமக்குச் சொல்வார்கள்.

இதற்குப் போட்டியாக நான் வைப்பது மஜித் மஜிதியின் ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997. தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் வாங்கக் காசில்லை. காலையில் தங்கையும் மதியம் அண்ணனும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓர் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு புதிய காலணி. அவன் மூன்றாவதாக வந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேச்சு குறைவு. அந்தக் கொஞ்சம் வசனத்துக்கும் கீழே ஓடும் எழுத்தை என் கண் தொடரவில்லை. பேத்தி வாசித்துச் சொன்னாள். படிப்பது அவள் பொறுப்பு என்றானதும் அவள் கவனம் எங்கும் சிதறவில்லை.

இரண்டில் எது? வாயாடும் பிள்ளை என்றால் 'டுவெல்வ் ஆங்ரி மென்'. பேச்சுக் குறைந்த பிள்ளை, அல்லது வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் என்றால் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. தகப்பனோடு முறைத்துக்கொண்டிருக்கும் பையனுக்கு முன்னதை உடனே காட்ட வேண்டாம். அதில் தந்தை மகன் பிணக்கு கூர்மையாக வருகிறது.

பிள்ளையே தேர்ந்தெடுக்கும் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் தொடங்கிய மார்வெல் வரிசை முப்பது படங்களைத் தாண்டிவிட்டது; நடுவில் நுழைந்தால் நமக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதற்காக மறுக்காதீர்கள். படம் தொடங்கும் முன் 'இதுவரை என்ன நடந்தது, சொல்' என்று கேளுங்கள். அந்தக் கால் மணி நேரம் படத்தைவிட நன்றாக இருக்கும்.

வரிசை கேட்டால், முதலில் 'ஜுராசிக் பார்க்', அடுத்தது பிள்ளை கேட்கும் படம், மூன்றாவதாகத்தான் 'டுவெல்வ் ஆங்ரி மென்'. நம் தேர்வை முதல் நாளே திணித்தால் இரண்டாம் நாள் உட்கார ஆள் இருக்காது. எந்தப் படமானாலும் முந்தின நாள் தனியாக ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். பிள்ளை தேர்ந்தெடுத்த படத்தையும்தான்; சங்கடமான காட்சி இருந்தால், போட்ட பிறகு நிறுத்துவதைவிட முன்கூட்டியே வேறு படம் கேட்பது இருவருக்கும் நல்லது.