கேமரன் குளிரிலும் பினாங்குப் புழுக்கத்திலும் கேம்பர் வேன் கூரை வெண்ட்: நீண்ட நாள் அனுபவம்

மலேசியாவில் ஓடும் கேம்பர் வேனுக்கு, அதாவது உள்ளேயே படுத்துச் சமைக்கும் வண்டிக்கு, எதற்கு இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) என்று பலரும் கேட்கிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, பிரிஞ்சாங்கில் ஒரு ராத்திரி வண்டிக்குள் படுத்தால் பதில் தானாகத் தலையில் சொட்டும். அங்கே ராத்திரி 15, 16 டிகிரி சாதாரணம். மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலையும் திறக்க முடியாது.

எங்கள் வேனில் இரண்டு கூரை வெண்ட், அதாவது காற்றுப் போய்வரக் கூரையில் வைத்த மூடியுள்ள திறப்புகள், இருக்கின்றன. கட்டிலுக்கு மேலே ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று. இரண்டுமே 40 செ.மீ. சதுரம். மேலே அக்ரிலிக் மூடி, உள்ளே பிளாஸ்டிக் சட்டம், கொசுவலை. சுவருக்கும் கூரைக்கும் ஃபோம் வைத்து அடைத்தாயிற்று. அப்படி அடைத்த வண்டியில் கண்ணாடிகளை விட்டால் மிகக் குளிர்ந்த இடம் இந்த மூடிகள்தான். காற்றிலுள்ள ஈரம் முதலில் அங்கேதான் போய்ப் படியும்.

உள்ளே 22 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 18 டிகிரியைச் சற்றே தாண்டிய ஒரு பரப்பைத் தொட்டாலே நீராகிவிடும். மூடியோ 16 டிகிரியில் இருக்கிறது. இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டு, வியர்த்தாலே அரை லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் சேரும். அதோடு கேஸ் அடுப்பு வேறு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். தண்ணீர் கொதிக்க வைப்பதால் வரும் ஆவி அந்தக் கணக்கில் இல்லை.

அதைத் தடுக்க, வெண்ட் திறப்புக்குள் கீழிருந்து செருகி எடுக்கிற மாதிரி அடைப்புகள் செய்தேன். கட்டிலுக்கு மேலே உள்ள வெண்ட்டில் ஏர்கோன் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் ஃபோம், 25 மி.மீ. தடிமனில். அடுப்புக்கு மேலே ஹார்ட்வேர் கடையில் விற்கும் பபள் ஃபோயில் (காற்றுக் குமிழிகள் உள்ள வெள்ளித் தாள்), இரண்டு மடிப்பாக. வேண்டுமென்றேதான் இப்படி இரண்டு விதமாகப் போட்டேன். பார்த்தால் ஃபோயில்தான் அழகு. வெள்ளிப் பளபளப்பு, எடையே இல்லை, ஒரு கையால் செருகிவிடலாம். ஆரம்பத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை.

போகப் போகத்தான் தெரிந்தது. ஃபோயிலைச் செருகி எடுத்து, செருகி எடுத்து, ஓரத்துக் குமிழிகள் நசுங்கிவிட்டன. நகக்கண் அளவு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி போதும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் வழியாக மேலே ஏறி, அடைப்புக்கும் மூடிக்கும் நடுவில் நீராகிவிடுகிறது. கீழிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கும். காலையில் அடைப்பை உருவும்போது மடமடவென்று அடுப்பின் மேல் கொட்டும். ரப்பர் ஃபோம் இன்னும் விம்மிக்கொண்டு சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறது. மூடியில் லேசான மங்கல் தெரியும், சொட்டாது.

மனைவியின் தம்பி கோலாலம்பூரில் ஏர்கோன் வேலை செய்கிறார், பெரிய கட்டடங்களின் குளிர்நீர்க் குழாய்களுக்கு இன்சுலேஷன் போடுபவர். இதைக் கேட்டதும் சொன்னார்: “மச்சான், தடிமனை மட்டும் பாத்தா போதாது. ஓரத்துல காத்து போகுதான்னு பாருங்க. எங்க குழாயிலயும் ஜாயின்ட்லதான் மொதல்ல தண்ணி சொட்டும்.” இவ்வளவு நாள் பயன்படுத்திய பிறகு நான் சொல்வதும் அதுதான். ஓரம் இறுக்கமாக இருந்தால் 19 மி.மீ. போதும். ஓரத்தில் காற்று புகுந்தால் 50 மி.மீ. வைத்தாலும் நனையும்.

பினாங்கில் கதை தலைகீழ். தெலுக் பஹாங் பக்கம் கடலோரம் நிறுத்தி, மின்சாரம் எடுத்து ஏர்கோன் போட்டுப் படுக்கிறோம். இப்போது குளிர் உள்ளே, ஈரம் வெளியே. அந்தக் கடல்காற்று 24 டிகிரியில் உள்ள பரப்பைத் தொட்டாலே நீராகும். எங்கள் வெண்ட்டில் மூடியிருந்தாலும் காற்று போய்வர ஒரு சின்னக் கீற்று உண்டு. அதன் வழியாக வெளிக்காற்று இறங்கி, ஏர்கோன் காற்றில் சில்லிட்டிருக்கும் திருகுகளைத் தொடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடியில் துளி ஈரம் இல்லை, ஒவ்வொரு திருகின் தலையிலும் மட்டும் ஒரு சொட்டு தொங்கியது. அதுதான் மெல்ல இறங்கி, சட்டத்துக்குப் பின்னால் உள்ள பிளைவுட் விளிம்பில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை வைத்திருந்தது.

அதனால் இப்போது அடைப்பை இரண்டு அடுக்காகச் செய்திருக்கிறேன். மேலடுக்கு திறப்புக்குள் இறுகும் 25 மி.மீ. ஃபோம். அதன் அடியில் 9 மி.மீ. ஃபோம், நாலு பக்கமும் அகலமாக வெட்டி ஒட்டியது. அது சட்டத்தையும் திருகுகளையும் சேர்த்து மூடிக்கொள்ளும். ஏர்கோன் குளிர் திருகுக்குப் போவதில்லை, சொட்டும் நின்றுவிட்டது. இந்த ரப்பர் ஃபோம் நீரை உறிஞ்சாது, அதனால் ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கவலையில்லை. மெத்தை ஸ்பாஞ்சையோ பஞ்சையோ தயவுசெய்து வைக்காதீர்கள். நனைந்தால் காயவே காயாது.

அடைப்பைப் பிடித்து நிறுத்த வெல்க்ரோ (ஒட்டி உரிக்கும் பட்டை) நம் வெயிலுக்குச் சரிவராது. மூடி நிறுத்திய வண்டியின் சூட்டில் பசை இளகி, ஒரு மூலை தொங்கிவிடும். ஓரம் இறுகி நிற்பதே போதும். உருவ ஒரு நாடாவைக் கோத்துக்கொள்ளுங்கள். மழைச் சத்தம் பாதியாகக் குறைவது கூடுதல் லாபம். விடியற்காலை வெளிச்சமும் முகத்தில் அடிப்பதில்லை. புது ஃபோமில் ரப்பர் வாடை இருக்கும், சில வாரத்தில் போய்விடும்.

இரண்டு வெண்ட்டையும் சேர்த்து அடைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கட்டிலுக்கு மேலே இருப்பதை அடைப்பேன். அடுப்புக்கு மேலே இருப்பதை இரண்டு விரல் அளவு திறந்து, முன் ஜன்னலையும் சற்று இறக்கிவிடுவேன். ஈரம் வெளியேற வழியில்லை என்றால் மூடியை விட்டுவிட்டு முன் கண்ணாடியில் படியும். சமைக்கும்போது இரண்டு அடைப்பையும் உருவிக் கீழே வைத்துவிட வேண்டும். குளிருக்காக அடுப்பை ஏற்றிவைத்துக்கொண்டு படுப்பவர்களைக் கேமரனில் பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பகல் வெயிலில் நிறுத்தும்போது அடைப்பு உள்ளே இருந்தால் மூடியை ஒரு படி திறந்து வைக்கிறேன். இல்லாவிட்டால் நடுவில் சூடு அடைபட்டு அக்ரிலிக் நெளிய வாய்ப்பு உண்டு.

அடுப்பு வெண்ட்டுக்கும் இப்போது ரப்பர் ஃபோம்தான். ஏர்கோன் வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் மிச்சத் துண்டு கிடைக்கும். வெட்டுவதற்கு முன் திறப்பை நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். திருகு இறுக்கத்தில் பிளாஸ்டிக் சட்டம் நடுவில் சற்று வளைந்திருக்கும். கிடைக்கும் பெரிய அளவோடு 4 மி.மீ. கூட்டி, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் பிசிறில்லாமல் வரும்.