ஷார்ட் ரெஸ்ட் எவ்வளவு நேரம்? நம்ம மேசைக்கு ஏற்ற ஹவுஸ் ரூல் எது?

ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்கள் கூடினால், பாத்திர வகைகளான கிளாஸ்களை வைத்து ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும்: வார்லாக் தேறாது, மங்க் தேறாது, பாலடினை அசைக்கவே முடியாது. நாகர்கோவிலில் ஞாயிறு மதியம் கூடும் எங்கள் மேசையிலும் இதே பேச்சுதான். உடனே யாராவது வார்லாக்குக்கு இன்னொரு ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) கொடுக்கச் சொல்வார்கள், ஸ்லாட்டைச் செலவிட்டு அடிக்கு வலுக் கூட்டும் பாலடினின் ஸ்மைட்டைக் குறைக்கச் சொல்வார்கள். கிளாஸ் கிளாஸாக ஒட்டுப்போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். மாற்ற வேண்டியது ஓய்வு விதி ஒன்றைத்தான்.

வார்லாக், மங்க், ஃபைட்டர் மூவருக்கும் செலவான முக்கிய சக்தி ஷார்ட் ரெஸ்டில், அதாவது சண்டைகளுக்கிடையே எடுக்கும் குட்டி ஓய்வில், திரும்பும். விசார்ட், கிளெரிக், பாலடின் மூவரும் லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வுக்குக் காத்திருக்க வேண்டும். 2014 விதியில் முதலாவது ஒரு மணி நேரம், இரண்டாவது எட்டு மணி நேரம். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல், இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அதே கையேட்டில் ஸ்லாட்டுகளைப் புள்ளிகளாக மாற்றும் அட்டவணையும் உண்டு. அதை வைத்து ஐந்தாம் லெவலை அளந்து பாருங்கள். விசார்டின் ஒன்பது ஸ்லாட்டும் சேர்ந்து 27 புள்ளி. வார்லாக்கின் இரண்டு ஸ்லாட் 10 புள்ளி. இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் அந்த 10 முப்பதாகிவிடும், கிடைக்காவிட்டால் பத்தோடு நின்றுவிடும். வார்லாக் தேறுமா தேறாதா என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

புத்தகத்தில் உள்ளபடியே: ஒரு மணி நேரம்

மூன்று மணி நேர ஆட்டத்தில் எங்களுக்கு இரண்டு சண்டை நடந்தாலே பெரிது. மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கதையில் அந்த நாள் இரண்டு மோதலோடு முடிந்தால் பாலடின் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் லெவலில் ஒரே டர்னில் இரண்டு அடி, இரண்டிலும் இரண்டாம் நிலை ஸ்லாட் என்றால் ஸ்மைட்டுக்கு மட்டும் ஆறு எட்டுமுகப் பகடை, சராசரி 27. நான் நடத்தும் கதையில் கள்ளியங்காட்டு நீலியை ஒரு பகையாக வைத்திருக்கிறேன். நம்ம ஊர் பேய், நம்ம மேசைக்கு வராமல் எப்படி? ஆவி இனம் என்பதால் ஒவ்வொரு ஸ்மைட்டுக்கும் இன்னொரு பகடை கூடும். நீலி கதை சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிடுவாள்.

கதையின் பக்கமிருந்தும் இந்த ஒரு மணி நேரம் இடிக்கிறது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை மாதிரியாக வைத்து ஒரு கோட்டை வரைந்திருக்கிறேன்: திருவிதாங்கூர் தளபதி டிலனாய் காலத்துப் பீரங்கி வார்ப்படச் சாலை, சுற்றிக் கல்மதில், மதில்மேல் காவல். உள்ளே புகுந்தவர்களிடம் வார்லாக் ஷார்ட் ரெஸ்ட் கேட்டால், "மக்கா, மேல காவக்காரன் நடக்கான், ஒரு மணிக்கூறு இங்க இருக்கவா?" என்று ஃபைட்டரே மறுத்துவிடுவார். அவர் சொல்வது நியாயம். ஆனால் அதில், ஒரே டர்னில் இன்னொரு செயல் தரும் அவருடைய ஆக்ஷன் சர்ஜும் திரும்பாமல் போகிறது.

கிரிட்டி ரியலிசம்: எட்டு மணி நேரம், ஏழு நாள்

இதுவும் கையேட்டிலேயே உள்ள மாற்று விதி. ஓர் இரவு தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட், ஒரு வாரம் தங்கினால்தான் லாங் ரெஸ்ட். பயணக் கதைக்கு இது அருமை. குளச்சல் கரையில் இறங்கி, குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை மேலே காட்டுக்குள் போகிற கதையில் ஒரு நாளைக்கு ஒரு மோதல்தான் இயல்பாக வரும். வாரம் முழுக்க ஆறேழு மோதல் என்று பரவும்போது புத்தகக் கணக்கு தானாகப் பொருந்திவிடுகிறது.

அடி வாங்குவது விசார்ட். மேஜ் ஆர்மர் எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரம். வழக்கமான விதியில் காலையில் ஒரு ஸ்லாட் போட்டால் பகல் முழுக்கக் காப்பு. இங்கே தினமும் ஒரு ஸ்லாட் போகும், ஆனால் எதுவும் வாரக் கடைசிவரை திரும்பாது. பார்பேரியனுக்கு மூன்றாம் லெவலில் மூன்று ரேஜ் (சண்டை ஆவேசம்), அதுவும் வாரத்துக்கு. கதையில் ஒரு வாரம் ஓட எங்களுக்கு மாதக்கணக்கில் ஞாயிறுகள் வேண்டும். அத்தனை நாளும் ஸ்லாட் தேவைப்படாத சிறு மந்திரமான கேன்ட்ரிப்பை மட்டும் எறிந்துகொண்டு உட்காரும்படி ஒரு நண்பரிடம் சொல்ல எனக்கு மனம் வராது. கோட்டைக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மணி நேரமே கிடைக்காத இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று இதற்கு நேர்மாறான விதியும் கையேட்டில் இருக்கிறது. விசார்டுக்கு மணிக்கொருமுறை எல்லாம் திரும்பிவிடும் என்பதால் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்று மடங்கு, ஷார்ட் ரெஸ்டே கிடையாது

ஷார்ட் ரெஸ்டை எடுத்துவிட்டு, அதில் திரும்புவதை முதலிலேயே மூன்று மடங்காகக் கொடுப்பது இன்னொரு வழி. ஐந்தாம் லெவலில் வார்லாக்குக்கு ஆறு ஸ்லாட், மங்க்குக்குச் சிறப்பு அடிகளுக்குச் செலவிட 15 கி பாயிண்ட், ஃபைட்டருக்கு மூன்று ஆக்ஷன் சர்ஜ். எல்லாம் லாங் ரெஸ்டில் திரும்பும். ஓய்வு கேட்டு யாரும் கெஞ்ச வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனால் ஐந்தாம் லெவல் மங்க் ஃப்ளரி தரும் கூடுதல் குத்துகளோடு நான்கு அடி அடித்து, நான்கிலும் ஸ்டன் (எதிரியைச் செயலிழக்க வைப்பது) முயன்றால் ஒரு டர்னுக்கு ஐந்து பாயிண்ட். பழைய விதியில் அதோடு பை காலி. இங்கே மூன்று சுற்று அதையே செய்யலாம். பாலடினிடம் இருந்த கோளாறு இப்போது எல்லாரிடமும் வந்துவிடுகிறது.

பத்து நிமிடம், நாளைக்கு இரண்டே முறை

என் தேர்வு இதுதான். பத்து நிமிடம் என்றால் வார்ப்படச் சாலையில் கதவைத் தாழிட்டு மூச்சு வாங்கலாம், ஃபைட்டரும் மறுக்கமாட்டார். ஒரு மந்திரத்தை ஸ்லாட் செலவில்லாமல் சடங்காகச் செய்யக் கூடுதலாகத் தேவைப்படுவதும் பத்து நிமிடம்தான். ஆகவே மற்றவர்கள் காயம் கட்டும்போது விசார்ட் டிடெக்ட் மேஜிக் போட்டு அறையைத் துழாவலாம். இரண்டு முறை என்ற வரம்பு, மணிக்கணக்கில் குந்தியிருந்து ஸ்லாட் நிரப்பும் ஆசையையும் அடைத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. பத்து நிமிடத்தில் ஷார்ட் ரெஸ்ட் தருவதற்கென்றே உள்ள கேட்நேப் மந்திரம் பயனற்றுப் போகும். அதை எடுத்தவருக்கு வேறொன்று மாற்றிக் கொடுங்கள். வார்லாக் ஹெக்ஸ் என்ற சாப மந்திரத்தைப் போட்டுவிட்டு ஓய்ந்தால் ஸ்லாட்டும் திரும்பும், ஹெக்ஸும் நிற்கும். ஆனால் ஐந்தாம் லெவலில் வார்லாக்கின் ஹெக்ஸ் எப்படியும் எட்டு மணி நேரம் நிற்பதுதான். முதல் நான்கு லெவலில் மட்டுமே இது சலுகை, அதை நான் மனமாரக் கொடுப்பேன்.

காட்டுப் பயணத்துக்கு மட்டும் கிரிட்டி ரியலிசத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறேன்: பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் தூங்கும் இரவு லாங் ரெஸ்ட் ஆகாது, ஊருக்குள் கூரைக்கடியில் படுத்தால்தான் ஆகும். புறப்படும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். நடுவழியில் சொன்னால் விசார்ட் கோபப்படுவது நியாயம்தான்.

2024 புத்தகத்துக்கு மாறியவர்களுக்கு வேலை குறைவு. ஸ்மைட் அதில் போனஸ் ஆக்ஷன் மந்திரமாகிவிட்டது, டர்னுக்கு ஒன்றுக்கு மேல் போட வழியில்லை. ஸ்டன்னும் டர்னுக்கு ஒருமுறைதான். வார்லாக் ஒரு நிமிடச் சடங்கில் பாதி ஸ்லாட்டை நாளுக்கு ஒருமுறை மீட்கலாம். ஐந்தாம் லெவலில் அது ஒரு ஸ்லாட். பத்து நிமிட விதியையும் அதோடு வைத்தால் மொத்தம் 35 புள்ளி. ஆர்கேன் ரெகவரி என்ற தன் சக்தியால் மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றை மீட்கும் விசார்டுக்கு 32. இந்த வித்தியாசத்துக்காக நான் எதையும் வெட்டமாட்டேன்.