சென்னையில் ஆர்ப்பாட்ட அனுமதி: காவல் துறையின் இந்தச் சேவைக்கு 5-க்கு 2

மனு எழுதுவதில் சிக்கல் இல்லை. சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி 5 நாள் முன்பே ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நாள், நேரம், இடம், கோரிக்கை, எத்தனை பேர் வருவார்கள், பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேளுங்கள். முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் அதுதான் முதல் சான்று.

வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகில், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகில் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அங்கே தடுப்பு வைப்பது, வண்டிகளைத் திருப்பிவிடுவது எல்லாம் பழகிய வேலை. 2 மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

கோளாறு பதில் வரும் நேரத்தில். முந்தின நாள் இரவு, "சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு மறுப்பு வந்தால் வழக்குப் போட நேரம் ஏது? தெருவில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்கக் கூடாது என்று 1972-இலேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் சொல்லாத மறுப்பு அந்தத் தீர்ப்பையே வெறும் காகிதமாக்குகிறது. அதனால் 5 நாள் கணக்கை நம்பாமல் 15 நாள் முன்பே மனு கொடுங்கள். இரண்டு மாற்று இடங்களையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் கூடினால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, பெயர், முகவரி எழுதிக்கொண்டு மாலையில் விடுவார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வழக்குப் பதிவாகியிருந்தால் பாஸ்போர்ட் விசாரணையில்தான் தெரியவரும். குற்ற எண் (வழக்கின் பதிவு எண்) உண்டா என்று அன்றே கேளுங்கள். அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அதே குற்றம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவில் இருக்கிறது. வழக்கறிஞரிடம் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள்.

மிச்ச 3 மதிப்பெண் போனது, தவறு நடந்தால் கேட்க ஆள் இல்லாததால். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 13 பேர் இறந்தார்கள். 17 காவல் துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது, அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம். காவல் துறை மீதான புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பது 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. காவல் துறையை நிர்வகிப்பவரிடமே போய் யார் துணிந்து புகார் கொடுப்பார்கள்?