"போர்டு போச்சு" என்று கடையில் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஐ5-12400எஃப் பிராசசர், பி660 மதர்போர்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர். வீடு மாற்றி, புது வீட்டில் ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. சர்வீஸ் கடையில் கொடுத்தார்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே "போர்டு போச்சு, சிப் லெவல் வேலை இருக்கு" என்று சொல்லி 3,500 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். பிறகு "சரி பண்ண முடியல, வேற போர்டு போட்டுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வந்த போர்டில், பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் ஒரு மூலையில் பின்கள் மடங்கிக் கிடந்தன, இடுக்கில் பிராசசர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் அப்பியிருந்தது. 3 வருட வாரண்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தும், சாக்கெட்டைப் பார்த்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிட்டது. பின் வளைந்தால் அதை உடைசலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் உரிமையாளர் மொபைலில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. இந்த வகை போர்டுகளின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். ஆன் ஆனதும் போர்டு அந்த வரிசையில் சோதித்துக்கொண்டே போகும். எதில் சிக்குகிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். வீடியோவில் நிற்பது டிரேம் விளக்கு. கடையிலிருந்து வந்த பிறகு நிற்பது சிபியு விளக்கு; அதாவது கடைக்குப் போன பிறகு கோளாறே மாறியிருக்கிறது. அதே ரேம் வேறு போர்டில் குறையில்லாமல் ஓடுகிறது. வண்டியில் குலுங்கி ரேம் ஸ்லாட்டில் தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சாக்கெட் பின் கோளாறும் சில நேரம் டிரேம் விளக்காகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் யாரும் முதலில் சாக்கெட்டைத் திறக்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை என்றால், பிராசசர் பக்கத்தில் இருக்கும் 8-பின் பவர் கேபிள் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது மாட்டாவிட்டாலும் ஃபேன் சுற்றும். பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது; மானிட்டர் கேபிளை போர்டில் சொருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும், கார்டில் சொருக வேண்டும். பிறகு மெயின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரேம்களைக் கழற்றுங்கள். தங்க நிறத் தகட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்.

போர்டில் மாட்டும் சின்ன பீப் ஸ்பீக்கர் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் பிராசசரும், போர்டை எழுப்பும் பயாஸ் புரோகிராமும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் "போர்டு செத்துப்போச்சு" என்பவர் போர்டைச் சோதிக்கவில்லை. டிடிஆர்5 ரேம் போடும் போர்டுகளில் இன்னொன்று: ரேம் மாற்றினாலோ பயாஸ் அமைப்பை அழித்தாலோ, முதல் முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள். போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 செல் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஃபேன்கூட அசையாமல் முழுசாகச் செத்துக் கிடந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தொடங்குங்கள். 24-பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை ஆன் செய்து, மல்டிமீட்டரில் ஊதா ஒயரைப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். பிறகு பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, மஞ்சளில் 11.4–12.6, சிவப்பில் 4.75–5.25, ஆரஞ்சில் 3.14–3.47 வோல்ட் வருகிறதா பாருங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில மாடல்களில் லோடு இல்லாமல் ஃபேன் சுற்றாது, சுற்றுகிற எஸ்எம்பிஎஸ்ஸிலும் வோல்ட் குறையலாம். எல்லாம் சரியாக இருந்தால் கனெக்டரை மாட்டி, கேபினெட்டின் பவர் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அந்த ஒயர் மாட்டியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்விட்ச் பழுதை போர்டு பழுது என்று பில் போடுவது நிறையவே நடக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் முதலில் வாரண்டி. போர்டின் சீரியல் எண் அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். வாரண்டி இருக்கும்போது வெளிக்கடையில் ஹீட் கன் வைக்க விடாதீர்கள். சூடு காட்டினால் சில போர்டுகள் உயிர் வந்ததுபோல ஓடும், சில வாரத்தில் மறுபடி படுத்துவிடும்; காசு அதற்குள் கைமாறியிருக்கும்.

வாரண்டி முடிந்து கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், பிராசசர் மூடியில் இருக்கும் எழுத்து, ரேம் ஸ்டிக்கர், எஸ்எஸ்டி சீரியல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிராசசரை உங்கள் முன்னால் கழற்றச் சொல்லி, சாக்கெட் பின்களையும் படம் எடுத்து, "பின்கள் நேராக உள்ளன" என்று கடை தரும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். "எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவில்லை?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபப்படாமல் சொல்வார். பழைய மெஷினுக்கு மாற்றாக "புது போர்டு" தந்தால் சிப்செட் (போர்டின் முக்கிய சிப்) பெயரைக் கேளுங்கள். எச்61 என்றால் அது 2011-இல் வந்தது. ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா வேகம் 3 ஜிபிபிஎஸ்தான், ரேம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. பெட்டி புதிதாக இருப்பதை மட்டும் வைத்து விலை கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், ஜாப் ஷீட், முன்னும் பின்னும் எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும். போர்டை அதே கடையில் மறுபடி கொடுக்காதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுக்கும்வரை வளைந்த பின்னை நிமிர்த்த யாரையும் விடாதீர்கள்.