குடியிருப்பாளர் மாத இதழுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் குடியிருப்பாளர் மாத இதழ் ஒன்றைப் பல ஆண்டுகளாக லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்னும் சொற்செயலியில் வடிவமைத்து வருகிறேன். குடிநீர், துப்புரவு, சாலைப் பணி பற்றிய அறிவிப்புகள், சங்கக் கூட்டத்தின் முடிவுகள், குடியிருப்பாளர்கள் எழுதும் சிறு கட்டுரைகள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பக்க வடிவமைப்புக்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கும்போது சொற்செயலியை ஏன் பயன்படுத்த வேண்டும் என்று புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் கேட்பதுண்டு. ஊதியமில்லாத பணியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே, அடுத்துப் பொறுப்பேற்பவர் எவரிடமும் பயிற்சி பெறாமல் தம் கணினியில் திறந்து திருத்தக்கூடிய கருவியே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஓபன் ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளிலிருந்து 2010-இல் பிரிந்து உருவான இம்மென்பொருள் கட்டணமற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. இது பயன்படுத்தும் ஓ.டி.எஃப். கோப்பு வடிவம் 2006-இலேயே பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரமாக ஏற்கப்பட்டது என்பதால், பல ஆண்டுகள் கழித்தும் கோப்புகளைத் திறக்க முடியும் என்று நம்பலாம். பழைய இதழ்களைத் தேடி எடுத்து, அவற்றில் வந்த தீர்மானங்களை மீண்டும் பார்க்க வேண்டிய தேவை ஒரு சங்கத்துக்கு அடிக்கடி வரும் என்பதால், இந்த நிலைத்தன்மை சிறிய நன்மையன்று.

தமிழில் இதழ் அமைப்போர் முதலில் அறிய வேண்டியது, ரைட்டர் தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் தனித்தனி எழுத்துருவையும் தனித்தனி அளவையும் வைத்திருக்கிறது என்பதே. மொழி அமைப்புகளில் தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தெரிவை இயக்கிவிட்டு, பத்திக்கான பாணியில், அதாவது எழுத்துரு, அளவு போன்றவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைக்கும் அமைப்பில், இரண்டு இடங்களிலும் எழுத்துருவைக் குறிப்பிட்டால்தான் ஒரே வரியில் வரும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒத்த உயரத்தில் நிற்கும். இதைக் கருவிப்பட்டையில் ஒவ்வொரு பத்தியாகச் சரிசெய்யாமல், தலைப்பு, உடற்பகுதி, படக்குறிப்பு, அறிவிப்புப் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணியை வகுத்து, அவற்றை ஒவ்வோர் இதழுக்கும் எடுத்துப் பயன்படுத்தும் மாதிரிக் கோப்பான வார்ப்புருவாகச் சேமித்துவிட வேண்டும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருக்களை வார்ப்புருவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், யார் கணினியில் திறந்தாலும் பக்கம் பெரும்பாலும் குலையாது. இன்னொன்று: தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அகலம் குறைந்த பத்திகளில் இருபுறமும் சீராக வரிகளை அமைத்தால் சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் தோன்றுவதால், இடப்புறம் மட்டும் சீராக்குவதே படிப்பவர் கண்ணுக்கு நல்லது.

எழுதித் தருபவர்களின் உரையைக் கையாள்வதில்தான் இம்மென்பொருளின் ஒரு வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டுத் திருத்தினால், எந்தச் சொல் நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பது கட்டுரையாளருக்குத் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் ஏற்கலாம், மறுக்கலாம். அண்டை வீட்டில் வாழ்பவரின் எழுத்தை அவரிடம் சொல்லாமல் வெட்டிச் சுருக்குவது நம்பிக்கையைக் கெடுக்கும். அந்த நம்பிக்கை போனால் அடுத்த மாதம் எழுத ஆளிருக்காது. ஆகவே, தமது திருத்தப்பட்ட பிரதியைக் கட்டுரையாளர் பார்த்து ஒப்புக்கொள்ளாதவரை எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை என்ற விதியை நாங்கள் கடைப்பிடிக்கிறோம்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்களின் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பின், ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். முடிந்த இதழின் பி.டி.எஃப். கோப்பிலிருந்து தமிழ் உரையை நகலெடுக்கும்போது ஒகர, ஓகாரக் குறிகள் இடம் மாறிவிடக்கூடும் என்பதால், மூல உரையையும் தனியே பாதுகாப்பது அவசியம்.

குறைகளும் உண்டு. ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு மேசைக்கணினியில் இயங்கும் இந்த மென்பொருள் ஏற்றதன்று. ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவருக்கு அது படிக்க மட்டுமே கிடைக்கும். அதனால் செய்திகளைக் கூகுள் டாக்ஸில் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் மட்டும் ரைட்டரில் பக்கம் அமைப்பது எங்களுக்கு ஒத்துவந்த முறை. வாட்ஸ்அப்பில் படமாக வரும் ஒளிப்படங்கள் சுருக்கப்பட்டுவிடுவதால், அவற்றை ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சாக வேண்டுமானால், படத்துக்கு ஏறத்தாழ 1,060 படப்புள்ளி அகலம் தேவை.

அச்சிடும்போது, ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கங்கள் கிடைக்கின்றன. முன்புறத்தில் 4, 1 ஆகிய பக்கங்களும் பின்புறத்தில் 2, 3 ஆகிய பக்கங்களும் வர வேண்டும். அச்சு உரையாடல் பெட்டியில் உள்ள கையேடு (Brochure) என்னும் தெரிவு இந்த வரிசையைத் தானாகவே அமைத்துவிடுகிறது. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

அச்சகத்தில் வண்ண இதழாக அச்சிட விரும்புவோருக்கு ரைட்டர் போதாது, அச்சுக்குரிய நான்கு மைகளைக் கொண்ட சி.எம்.ஒய்.கே. வண்ண முறையில் கோப்பைத் தருவதற்கு அதில் வழியில்லை. அத்தகையோர், இதே போலக் கட்டணமற்றதும் 2024-இல் வெளிவந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதுமான ஸ்கிரைபஸ் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளை நாடலாம். அதைக் கற்க நாளாகும். கற்றவர் விலகினால் பணியைத் தொடர இன்னொருவர் வேண்டும். கறுப்பு வெள்ளையில், நான்கு அல்லது எட்டுப் பக்கங்களில் இதழ் நடத்தும் குழுக்களுக்கு ரைட்டரையே பரிந்துரைக்கிறேன்.